மந்தைவெளியிலிருந்து பனியில் ஓடுவது

பனியில் விழாமல் ஓடுவது எப்படி என்று யாராவது கேட்டால் மூச்சு விடாமல் பதினோரு வழிகள் சொல்வேன். பனியை நான் நேரில் பார்த்ததில்லை. மந்தைவெளியில் பிறந்து, பக்கத்து மயிலாப்பூரில் வேலை பார்த்து, மந்தைவெளியிலேயே ஓய்வும் பெற்றுவிட்ட ஆள் நான். எங்கள் தெருவில் பனி என்பது மார்கழியில் வருவது. கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் மூக்கடைப்பாக வந்துதான் தன்னைக் காட்டிக்கொள்ளும். அதற்கே நாங்கள் மங்கி குல்லாய் மாட்டி, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போவோம்.

என் மகள் கனடாவில் இருக்கிறாள். இருபத்தொன்பது வயது, நல்ல வேலை, ஒற்றை அறை வீடு, தனி ஆள். அங்கே போன முதல் குளிர்காலத்தில், நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது என்று போனில் அழுதாள். இரண்டாவது குளிர்காலத்தில் ஓட ஆரம்பித்தாள். காலை ஆறரை மணிக்கு, ஆற்றோரப் பாதையில், ஐந்து கிலோமீட்டர்.

"ஓடினா அன்னிக்கு முழுக்க நல்லா இருக்குப்பா" என்றாள்.

அவள் அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. கீழே ஐஸ், மேலே இருட்டு, நடுவில் தனியாக ஓடும் என் பெண். விழுந்துவிட்டால் யார் தூக்குவார்கள்? பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் நானா? இந்த ஒரு கேள்வி அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னோடு சாப்பிட்டது, என்னோடு தூங்கியது. ஓடாதே என்று சொல்லும் துணிச்சலும் இல்லை. அந்த முதல் வருட அழுகையை நான் மறக்கவில்லை.

அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். "ஓடு. ஆனா ஓடுறப்போ நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

"சரிப்பா" என்றாள்.

அவள் போன் இருக்கும் இடம் என் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்து கொடுத்தாள். அவளுக்குக் காலை ஆறரை என்றால் எனக்கு மாலை ஐந்து. அக்கம்பக்கத்து வீடுகளில் சீரியல் ஆரம்பிக்கும் நேரத்தில் நான் காபி டம்ளரோடு புள்ளி பார்க்க உட்கார்ந்துவிடுவேன். புள்ளி நகர்ந்தால் நிம்மதி. சிக்னலில் நின்றால் என் இதயமும் கூடவே நிற்கும். "அது வெறும் புள்ளிதாங்க, கொஞ்சம் கண்ணைச் சிமிட்டுங்க" என்பாள் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிரச்சினையை எங்கள் ஓட்டக் குழுவில் வைத்தேன். ஒன்பது பேர் கொண்ட குழு. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோருக்கும் சர்க்கரை. காலை ஐந்தரைக்கு மந்தைவெளி பஸ் நிலையத்தில் கூடி, அடையாறு பாலம் வரை போய்த் திரும்புவோம். ஓடுவது கொஞ்சம், பேசுவது மீதி. முடிவில் தெருமுனை ஜூஸ் வண்டியில் அருகம்புல் சாறு குடித்துவிட்டு, ஏதோ ராணுவத்தில் இருந்துவிட்டு வந்ததுபோல் வீடு திரும்புவோம். அந்த வண்டிக்காரம்மாவின் வீடு முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. அதை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நாங்கள் ஷூ லேஸ் கட்டுவதற்குள் அவர் வாழைத்தண்டு நறுக்கி முடித்திருப்பார். எங்கள் ஒன்பது பேர் வீட்டிலும் மாரத்தான் பதக்கங்கள் தொங்குகின்றன. அவருக்கு யாரும் ஒன்றும் மாட்டிவிட்டதில்லை.

குழுவில் பனி விஷயத்தில் அதிகாரம் உள்ளவர் ஒருவரே. அவர் நான்கு நாள் பேக்கேஜ் டூரில் மணாலி போய் வந்தவர். வாடகை ரப்பர் பூட்ஸோடு பனியில் நிற்கும் படம்தான் இன்றுவரை அவர் போனில் முகப்புப் படம். அந்தப் படம் எடுத்த அடுத்த நிமிடம் அவர் குப்புற விழுந்தார் என்பதை அவர் மனைவி எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அதனால் விழுவது பற்றியும் அவரே அதிகாரி. அடுத்த நிலையில் மயிலாப்பூர் ஆடிட்டர். அவருக்குப் பனி தெரியாது, ஆனால் எந்த விஷயத்தையும் பாயின்ட் பாயின்டாக எழுதத் தெரியும்.

"தியரி மட்டும் போறாது. நாம பண்ணிப் பார்த்துண்டு அப்புறம் கொழந்தைக்கு எழுதணும்" என்றார் ஆடிட்டர்.

பண்ணிப் பார்க்க ஐஸுக்கு எங்கே போவது? வழி எங்கள் காலடியிலேயே கிடந்தது. மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளங்களின் மேல் இரும்புத் தகடுகளைப் போட்டிருக்கிறார்கள் இல்லையா, மழை பெய்தால் அதில் வழுக்காத ஸ்கூட்டர் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த உலகத்திலேயே ஐஸுக்கு மிக நெருக்கமான பொருள் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, இரண்டு பக்கெட் தண்ணீரோடு அப்படி ஒரு தகட்டின்முன் கூடினோம். சூழ்நிலை நிஜமாக இருக்க வேண்டும் என்று ஆடிட்டர் ஸ்வெட்டரும் மங்கி குல்லாயும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அவர் தொப்பலாக நனைந்திருந்தார், வியர்வையில்.

மணாலிக்காரர் செய்து காட்டினார். அடியைச் சின்னதாக வைக்க வேண்டும். பாதம் முழுசாகத் தரையில் படிய வேண்டும். காலை முன்னால் நீட்டக்கூடாது, உடம்புக்கு நேர்கீழே வைக்க வேண்டும். கைகளை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது பேரும் அப்படியே தத்தித் தத்தித் தகட்டைக் கடந்தோம். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து ஓய்ந்துபோய், "நைனா, இன்னா பூஜை இது? வழி வுடு!" என்றது. தெருமுனையிலிருந்து ஜூஸ்காரம்மா குரல் கொடுத்தார்.

"இன்னா சார், ஒம்போது பேருக்கும் ஒரே நேரத்துல கால்ல முள்ளு குத்திக்கிச்சா?"

நாங்கள் தத்துவதை நிறுத்தவில்லை. ஆராய்ச்சியில் இருந்தோம்.

அன்றைக்குப் பகலுக்குள் ஆடிட்டர் பத்துப் பாயின்ட் எழுதி அனுப்பிவிட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், பாதிக்குமேல் நல்ல பாயின்ட்தான். அடியில் பல் வைத்த ஷூ. பருத்தித் துணி ஆகாது, வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக் குளிரேற்றும். ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய உடைகள். இருட்டில் வண்டிக்காரன் கண்ணில் படும்படி பளிச்சென்ற மேல்சட்டை. தார் ரோட்டில் ஈரம் மாதிரி மினுக்கிக்கொண்டு கிடக்கும் கண்ணாடி ஐஸை நம்பாதே. திருப்பத்தில் நடந்து போ. ஏழாவது பாயின்ட், வேகத்தைப் பார்க்காதே, கடிகாரத்தை மற. ஒன்பதாவது, புயல் அடித்தால் வீட்டிலேயே இரு. பத்தாவது, வந்த உடனே ஈரத்துணியை மாற்றி மிளகு ரசம் குடி. பதினொன்று என் சொந்தச் சேர்க்கை: மங்கி குல்லாய். கனடாவில் குல்லாய் கிடைக்காது என்று நான் எப்படி முடிவு செய்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. தி. நகரில் வேர்த்து விறுவிறுக்க இடிபட்டு, மூன்று குல்லாய்கள் வாங்கி, அந்தப் பக்கம் போகிற ஒருவர் தலையில் கட்டி அனுப்பினேன். பழுப்பு நிறம், உச்சியில் குஞ்சம்.

மகள் எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்றாள். வாரம் இரண்டு முறை பாயின்ட்களைத் திரும்பவும் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் "சரிப்பா." தன் பெண் எவ்வளவு அடக்கமாகக் கேட்டுக்கொள்கிறாள் என்று ஒரு அப்பாவுக்குப் பெருமையாக இருக்காதா? இருந்தது. அந்த வார்த்தை ஒரு கதவை மெதுவாகச் சாத்துகிற சத்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் புள்ளி வீட்டைவிட்டு நகரவில்லை. போன் செய்தேன்.

"பயங்கரப் புயல்பா. வெளிய போகல" என்றாள். குரல் தளர்ந்திருந்தது.

"குட். ஒன்பதாவது பாயின்ட்" என்றேன்.

"ஆமாம்பா."

"முகத்தைக் காட்டு, பார்ப்போம்."

"கேமரா சரியில்லப்பா. ரிப்பேருக்குக் கொடுக்கணும்."

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புள்ளி கிளம்பியது. கிளம்பியதா? பாய்ந்தது. இத்தனை நாள் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்ட புள்ளி அன்றைக்கு ஆறே நிமிடத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடந்தது. ஏழாவது பாயின்ட் அவளுக்குத்தான், எனக்கில்லை; நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை அதைவிட வேகம். திருப்பங்களில்கூடப் புள்ளி நிதானிக்கவில்லை.

இதைக் கேட்டதும் குழுவில் ஏற்பட்ட கொண்டாட்டத்தைச் சொல்லி முடியாது. மணாலிக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "சின்ன அடி, சார். சின்ன அடியோட மகிமை. நான் அன்னிக்கே சொன்னேன்ல?" ஆடிட்டர் வேறு திசையில் போனார். "இதை நாம நம்மளோட வெச்சுக்கப் படாது. வெளிநாட்டுல கொழந்தேள் இருக்கற அத்தனை பேருக்கும் அனுப்பணும்." அவர் அனுப்பவும் செய்தார். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இருக்கும் எத்தனையோ அப்பாக்கள் பதினோரு பாயின்டையும் தங்கள் பிள்ளைகளுக்குத் தள்ளிவிட்டார்கள். துபாயில் இருக்கும் ஒரு பையனுக்கும் போனதாகக் கேள்வி.

நான் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வண்டியடியில் எல்லோருக்கும் கொடுத்தேன். மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எனக்கு வேணாம். அங்க வைங்க."

"உன் பொண்ணு ஐஸ்ல ஆறு நிமிஷத்துல ஒரு கிலோமீட்டர் ஓடுறா. நீ என்னடான்னா துணி மடிச்சுக்கிட்டு இருக்க."

"ஓடட்டும்" என்றாள்.

இவளுக்கு விளையாட்டில் ஆர்வமே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு மாலை புள்ளி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, காபி டம்ளரை மாற்றிப் பிடிக்கப்போய் என் கட்டை விரல் அழைப்புப் பொத்தானில் பட்டுவிட்டது. ஓடும்போது அழைக்கக்கூடாது என்பது என்னுடைய சட்டமே. நிறுத்தப் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். மூச்சிரைத்துக்கொண்டு ஒரு பெண் குரல், "ஹலோ அங்கிள்!" என்றது.

என் மகள் என்னை அங்கிள் என்று கூப்பிடுவதில்லை.

என் மகள் போனைத் திருடிக்கொண்டு எவளோ ஓடுகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு வேகத்துக்கும் அப்போதுதான் சரியான காரணம் கிடைத்த மாதிரி இருந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிக் கத்தினேன். போலீஸ் என்றேன், எம்பசி என்றேன். என் வாயில் அதுவரை வராத சில சொற்களும் வந்தன. அந்தப் பெண் பாவம், நின்று, மூச்சு வாங்கி, தான் கீழ் வீட்டில் இருப்பவள், பஞ்சாபிலிருந்து வந்தவள், உங்கள் பெண் பத்திரமாக வீட்டில் இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மனைவி வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். "சாரிம்மா, சாரி. யூ ரன்" என்று சொல்லிவிட்டு அணைத்தாள்.

"அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. ஒரு மாசமா அதுதான் இவளுக்குச் சமைச்சுப் போடுது. தலை பின்னி விடுது."

"தலை ஏன் பின்னணும்?"

"கை ஒடிஞ்சிருக்கு" என்றாள் மனைவி. "வலது மணிக்கட்டு. கட்டுப் போட்டிருக்காங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அங்கே அந்தப் பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி. ஓடும்போது இல்லை. குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு பின்பக்கப் படியில் இறங்கியிருக்கிறாள். இரண்டே படி, ஐஸ் வழுக்கிவிட்டது. நம் ஊரில் அப்போது திங்கட்கிழமை காலை ஆறரை; நான் ஜூஸ் வண்டியில் நின்றுகொண்டிருந்திருப்பேன். பதினோரு பாயின்டில் எங்கேயும் குப்பை இல்லை.

"அப்ப இந்த ஓட்டம்?"

"புள்ளி ரெண்டு நாள் நின்னதுக்கே நாலு தடவை போன் பண்ணீங்க. ஒன்றரை மாசம் நின்னா என்ன பண்ணுவீங்க? அந்தப் பொண்ணு தினம் ஓடுற பொண்ணு. எப்படியும் ஓடப் போறே, என் போனையும் பையில போட்டுக்கோன்னு இவ கொடுத்து அனுப்பிச்சா."

"உனக்கு எப்ப தெரியும்?"

"விழுந்த அஞ்சாவது நிமிஷம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சொன்னா நீங்க பன்னெண்டாவது பாயின்ட் அனுப்புவீங்க" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் நான் என்ன செய்வேனோ அதையே செய்தேன்: கோபப்பட்டேன். அன்று இரவு மகளை அழைத்து இருபது நிமிடம் விசாரித்தேன். எந்த எலும்பு, எத்தனை துண்டு, பிளேட் வைத்தார்களா, எந்த மருத்துவமனை, டாக்டருக்கு என்ன வயது, கால்சியம் மாத்திரை எத்தனை, ஷூ இல்லாமல் ஏன் இறங்கினாய், பொய் சொல்ல எங்கே கற்றுக்கொண்டாய். சாட்சிக் கூண்டில் நிற்பவள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், "இனிமே என்கிட்ட எதையும் மறைக்காதே" என்றேன்.

"சரிப்பா" என்றாள்.

மறுநாள் காலை, அருகம்புல் சாறு கைக்கு வருவதற்குள் மணாலிக்காரர் ஆரம்பித்துவிட்டார். "பொண்ணு நேத்து எவ்ளோ வேகம் சார்?"

சொல்லிவிட்டேன். எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிரண்டைத் துவையல் தினம் சாப்பிடச் சொல்லுங்க, எலும்பு இரும்பாயிடும் என்றார் ஒருவர். ஆட்டுக்கால் சூப் என்றார் இன்னொருவர். ஆடிட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முட்டைப்பத்து போட்டால் பத்தே நாள்தான், அந்தக் கட்டை முதலில் பிரிக்கச் சொல்லுங்கள் என்றார் மூன்றாமவர். மணாலிக்காரர் தன் வீழ்ச்சியை முதல்முறையாகப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, விழும்போது கையை ஊன்றாமல் உருண்டுவிட வேண்டும் என்று நடைபாதையில் பாதி உருண்டு காட்டினார். ஆடிட்டர் போனை எடுத்து, "குப்பையைப் பகல்லயே போட்டுடணும். இதை அதுலயே சேர்த்துடறேன்" என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் என் பெண்மேல் நிஜமான அக்கறை இருந்தது. நேற்று இரவு அவள் காதில் நான் எப்படி ஒலித்திருப்பேன் என்று அப்போதுதான் கேட்டது.

ஜூஸ்காரம்மா வடிகட்டியைத் தட்டிக்கொண்டே, "புள்ளைக்கு நோவுதா சார்?" என்றார்.

எலும்பின் பெயர் தெரியும், மருத்துவமனையின் பெயர் தெரியும், கட்டைப் பிரிக்கும் தேதி தெரியும். இது தெரியவில்லை.

"கேக்கலம்மா" என்றேன்.

"இன்னா சார் நீ? போ, கேளு" என்று அடுத்தவருக்கு டம்ளரை நீட்டினார்.

வண்டிகளின் சத்தம் குறைவாக இருந்த ஒரு சந்துக்குள் போய் நின்று அழைத்தேன். அவளுக்கு இரவு எட்டேகால். முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னப்பா இந்நேரத்துல? என்ன ஆச்சு? அம்மா நல்லா இருக்காங்கல்ல?"

"நல்லா இருக்கா. ஒண்ணும் ஆகல" என்றேன். "கை வலிக்குதாம்மா?"

இணைப்புப் போய்விட்டது என்று நினைத்துப் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"இப்ப இல்லப்பா" என்றாள். "அன்னிக்கு ரொம்ப வலிச்சுது. எழுந்திருக்கவே முடியல, ஐஸ்லயே உக்காந்திருந்தேன். முதல்ல உங்க நம்பரைத்தான்பா எடுத்தேன். அழுத்தப் போயிட்டு, அப்புறம் அம்மாவுக்குப் போட்டேன்."

சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். ஏன் அம்மாவுக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. சின்னக் குழந்தை மாதிரி விசும்பிக்கொண்டிருந்தாள். அழாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல், அவள் அழுது முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.